பெருந்தொற்றுக் காலத்தில் பணி, வருமானம், பாதுகாப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் பணிபுரியும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்ததிலிருந்து, நம்மில் பலருக்குப் பணி நேரம் குறைந்ததோடு, வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்த டிப்ஸும் பார்சல் விற்பனையில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வேலையிழப்பு உதவித்தொகை பொதுவாகப் பதிவான ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், கணக்கில் காட்டப்படாத டிப்ஸ் அதில் சேராது என்பதை இப்போதே அறிந்திருப்பது நல்லது. சம்பளச் சீட்டுகளையும் ஷிப்ட் அட்டவணைகளையும் பத்திரப்படுத்துங்கள். 'சில வாரங்களுக்கு வர வேண்டாம்' என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தால், அதை எழுத்தில் தரும்படி மேலாளரிடம் கேளுங்கள்.

பணியில் தொடர்வோரின் சிக்கல் வேறு. சாப்பிடுபவர் முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும். இசையின் இரைச்சலை மீறி உரக்கப் பேசும்போது வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகளும் அதிகமாகும். மேசைகளைத் துடைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது சன்னல்களைத் திறப்பதிலும் ஒலியைக் குறைப்பதிலும் காட்டும்படி நிர்வாகத்திடம் கோருவது நியாயமே. முகக்கவசம் அணிய மறுப்பவருடன் வாதிடும் பொறுப்பு, அவருடைய டிப்ஸை எதிர்பார்த்து நிற்கும் பரிமாறுபவருடையது அன்று (இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்), அது மேலாளருடையது.

காய்ச்சலோ இருமலோ உள்ளவர்கள், ஊதியம் போய்விடும் என்ற அச்சத்தில் பணிக்குச் செல்ல வேண்டாம். ஷிப்டை மாற்றிக்கொள்ள விரும்புவோர் குழுவிலேயே கேட்கலாம். வாடகைக்கோ மருந்துக்கோ உதவி தேவைப்படுவோர் நிர்வாகிகளுக்குத் தனிச்செய்தி அனுப்பினால் போதும்; பெயர் குழுவில் வெளியிடப்படாது.