ரிட்ரீவர் களப்போட்டி வரலாறு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் வட்டார ரிட்ரீவர் களப்போட்டிச் சங்கங்களைப் பற்றிய எங்கள் தொகுப்பு அச்சுக்குத் தயார். சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் வேட்டைநாய்தான் ரிட்ரீவர்; லாப்ரடாரும் கோல்டனும் அதில் இரண்டு இனங்கள். அந்த வேலையில் நாய்களின் திறமையைச் சோதிப்பது களப்போட்டி. பெயர் போட வேண்டாம் என்று உதவியவர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவரவர் செய்யும் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி பறவை எறிபவர்களுக்கு. போட்டிப் பதிவேட்டில் நாயின் பெயர் இருக்கும், உரிமையாளர் பெயர் இருக்கும், நாயை ஏவியவர் பெயரும் இருக்கும். இவர்கள் பெயர் எங்கும் இராது. போட்டியின் நியாயமோ இவர்கள் கையில்தான். மூன்று பறவைச் சுற்று என்றால் வயலில் மூன்று இடங்களில் வெள்ளைச் சட்டை போட்டவர்கள் நிற்பார்கள். நடுவர் சைகை காட்டியதும் ஒருவர்பின் ஒருவராகச் செத்த பறவையை எறிவார்கள். நாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றும் விழும் இடத்தை மனதில் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவர வேண்டும். இதற்கு 'மார்க்' என்று பேர். காலையில் ஓடும் முதல் நாய்க்கும் சாயங்காலம் ஓடும் எண்பதாவது நாய்க்கும் பறவை ஒரே இடத்தில் போய் விழ வேண்டும். பத்தடி தள்ளிப் புதருக்குப் பின்னால் விழுந்தால் அந்த நாய்க்கு மட்டும் அது வேறு போட்டி. வெயில் ஏற ஏறக் கை தளரும், எறி குட்டையாகும். விவரம் தெரிந்த மார்ஷல், அதாவது களத்து வேலைகளை மேற்பார்ப்பவர், அதற்கு முன்பே ஆளை மாற்றிவிடுவார். ரப்பர் விசையால் எறியும் 'விங்கர்' வந்தபின் தோள்வலி குறைந்தது, கவனம் குறைய வழியில்லை. நனைந்த வாத்து காய்ந்ததைவிடக் கனம். அதே இழுவையில் விட்டால் முன்னாலேயே விழும். அதனால் எடுத்துவந்த வாத்துகளைக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தி, மாற்றி மாற்றி அனுப்புவார்கள்.

உயிருள்ள வாத்தை எறிந்து சுடுவது 'ஃப்ளையர்'. துப்பாக்கிக்காரர்கள் குறித்த இடத்தில் வீழ்த்தாவிட்டால் நடுவர் 'நோ பேர்ட்' என்பார். நாயைப் பின்னுக்குக் கூட்டிப்போய், சில நாய்கள் ஓடியபிறகு மறுபடி முழுச் சுற்றையும் ஓட்ட வேண்டும். எண்பது நாய்க்கு எண்பது வாத்து என்று கணக்குப் போட்டு வாங்கும் செயலாளர் மதியத்துக்குள் திண்டாடிப்போவார். நூறு வாங்குவதே புத்தி. இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த செயலாளர்களுக்கு நன்றி.

பழைய போட்டிப் பட்டியல்களைப் பெட்டியில் போட்டுக் காத்துவைத்திருந்த குடும்பங்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். 1931 டிசம்பர் 21 அன்று நியூயார்க் மாகாணத்துச் செஸ்டரில், ராபர்ட் கோலெட்டின் கிளென்மியர் எஸ்டேட்டில், லாப்ரடார் ரிட்ரீவர் கிளப் தன் முதல் களப்போட்டியை நடத்தியது. பணக்கார எஸ்டேட்டுகளின் விளையாட்டு அது. முறையும் பிரிட்டனிலிருந்து வந்ததே, வரிசையாக நடந்துபோய்ச் சுட்டு, விழுந்ததை எடுக்கவிடுவது. மாற்றம் பழக்குநர்கள் வழியே வந்தது. லாங் ஐலண்டில் ஜே கார்லைலின் விங்கன் நாய்ப்பண்ணைக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த டேவ் எலியட், ஆட்டுநாய்ப் போட்டிகளில் பார்த்த விசிலையும் கைச்சைகையையும் ரிட்ரீவருக்குக் கொண்டுவந்தார். நாய் பார்க்காத பறவையை நோக்கி அதைத் தூரத்திலிருந்தே திருப்பும் 'பிளைண்ட்' இதிலிருந்து வளர்ந்தது. ஒரு விசில் அடித்தால் நாய் திரும்பி உட்கார வேண்டும். கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். காற்று பலமாக எதிர்த்தடித்தால் விசில் காதில் விழாது. அந்நேரம் நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆட்டம் மத்திய மேற்கு மாகாணங்களின் ஏரிக்கரைகளுக்குப் பரவியதும் வாத்து வேட்டைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 1941-ல் நடந்த முதல் தேசியப் போட்டியை மின்னசோட்டாவின் கிங் மிடாஸ் ஆஃப் வுட்எண்ட் வென்றது. அது கோல்டன் ரிட்ரீவர். லாப்ரடார்காரர்கள் இதை அவ்வளவாகப் பேசமாட்டார்கள். ஷெட் ஆஃப் ஆர்டன் என்ற லாப்ரடார் 1942, 1943, 1946 என மூன்று முறை வென்றது. அதைப் பழக்கிய காட்டன் பெர்ஷலே பின்னாளில் ஜான் ஆலின் என்பவரின் நாயான கிங் பக்கையும் பழக்கினார். கிங் பக் 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டும் பட்டம் வாங்கி, 1959-ஆம் ஆண்டின் அமெரிக்க வாத்து வேட்டை முத்திரையில் (வேட்டைக்காரர்கள் வாங்க வேண்டிய, தபால்தலை போன்ற அனுமதிச் சீட்டு), வாயில் வாத்தோடு இடம்பிடித்தது. வரைந்தவர் மேனார்ட் ரீஸ்.

நிலம் தரும் விவசாயிகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அறுவடை முடிந்த வயலில் தாளை எவ்வளவு உயரம் விட வேண்டும் என்பதைக்கூட அவர்களே கேட்டுச் செய்கிறார்கள். கட்டையாக வெட்டினால் பறவை கண்ணுக்குத் தெரிந்துவிடும், மட்டுமீறி வளர்ந்தால் குட்டை நாய் திசை தவறும். காலைச் சுற்றைக் கிழக்குப் பார்த்து வைத்தால் கண்கூச்சத்தில் நாய்க்கு எதுவும் தெரியாது, அதனால் இரண்டு பக்கமும் திறந்த வயல் வேண்டும். குளமும் சும்மா குளமாக இருந்தால் போதாது. நாய் கரையோரமாகச் சுற்றி ஓடாமல் சாய்வாக நீரில் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் நீள்மூக்குபோல் நிலம் நீட்டிய கரையைத் தேடுகிறார்கள். கதவைத் திறந்துபோட்டுப் போன ஒரே வண்டியால் மாடு வெளியேறி, அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காமல் போகும் சங்கங்கள் உண்டு.

தூரம் நீண்டுகொண்டே போகிறது, முன்னூறு கஜ மார்க் எல்லாம் வேட்டைக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லாதது என்ற பழைய முணுமுணுப்பையும் மறைக்காமல் சொன்ன நடுவர்களுக்கு நன்றி. எங்கள் கட்சியும் ஏறக்குறைய அதுவே. அந்த முணுமுணுப்பில்தான் 1980களில் வேட்டைத் தேர்வுகள் தனியாகப் பிறந்தன. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1985-ல் அவற்றைத் தொடங்கியது. அங்கே நாய் நாயோடு போட்டி போடுவதில்லை, தரம் எட்டினால் தேர்ச்சி.

இரவல் வாங்கிய பட்டியல்கள் அனைத்தும் நகல் எடுத்தபின் பதிவுத் தபாலில் திரும்பும். ஓரத்தில் பென்சிலால் நடுவர் குறிப்பு எழுதிய பட்டியல் இன்னும் யாரிடமாவது இருந்தால் அதை அழிக்காமல், தாளை மடிக்காமல் வைத்திருங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் செல்லோடேப் ஒட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்