ஆளை வரவழைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைக்காததைப் பற்றிப் பேசுவோர், வாடகைச் சலுகை, கூடுதல் படி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிட்னிக்கு மேற்கே 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால், புரோக்கன் ஹில் வட்டாரத்தில் கற்பிக்கும் எனக்கு, அவை ஆளை வரவழைக்க உதவுமே தவிர இருத்திவைக்க உதவா என்றே படுகிறது. செம்மண் புழுதி கிளம்பும் நாளில் கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டுப் பாடம் நடத்துவதும், 40 டிகிரியைத் தாண்டும் கோடையும் பழகிவிடும். சக ஆசிரியர் விடுப்பு எடுத்தால் பதிலுக்கு ஆளின்றி இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைப்பதும், பிள்ளைகள் ஓர் ஆசிரியரை நம்பத் தொடங்கும் வேளையில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு கடலோர நகரத்துக்குப் போய்விடுவதும்தான் பழகுவதில்லை. "நீங்களும் அடுத்த வருடம் போய்விடுவீர்களா, மிஸ்?" என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்.

இங்கே கிடைக்கும் நிறைவும் சிறிதல்ல. டார்லிங் ஆற்றில் நீர் வற்றியதையும் மீன்கள் செத்து மிதந்ததையும் கண்ணால் கண்ட பர்கிஞ்சி பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சூழலியல் பாடம் நடத்தும்போது, பாதி நேரம் கற்றுக்கொள்பவள் நானாகவே இருக்கிறேன். நாட்டின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல், தொலைதூரப் பிள்ளைகளுக்காக வானொலி வழியே பள்ளி நடத்தத் துணிந்த நாடு இது. ஆசிரியர்களை இருத்திவைக்கவும் அதே துணிவு வேண்டும். உள்ளூர்ப் பழங்குடியினரான வகுப்பறை உதவியாளர்கள் ஊரைவிட்டுப் போகாமலே முழுத் தகுதி பெற்ற ஆசிரியர்களாவதற்கு, ஊதியத்துடன் கூடிய பயிற்சி இடங்களை அரசு பெருமளவில் கூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
நியூ சவுத் வேல்ஸ்