செயலாளர் ஆண்டறிக்கை: பன்னிரண்டு டொலரும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதை மின்னஞ்சலில் அனுப்புவேன், வாசிப்பார்களோ தெரியாது.

நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆட்கள், இல்லை. பொங்கல் விழா நடந்தது. கோடை ஒன்றுகூடலை மழை பாதியில் முடித்துவைத்தது. வாணி விழாவில் 14 பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினோம்.

இனி, 'செயலாளர் தன் பொழுதுபோக்குக்குச் சங்கக் காசைச் செலவழித்தார்' என்று வட்ஸ்அப்பில் எழுதப்பட்ட விடயம். கனடாவின் ஹமில்ட்டன் நகரத்துச் சனல் 11, அதாவது சி.எச்.சி.எச் (CHCH) தொலைக்காட்சி நிலையத்தின் கதையைத் தமிழில் தொகுத்து ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். ஆங்கில ரீவிக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் வந்து, பேஸ்மென்ட் அறையில் அன்டெனாக் கொம்பில் அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டு, நம்மில் பலர் இங்கிலீஷ் பழகியது அந்தச் சனலின் செய்தியைப் பார்த்துத்தான். நாளைக்கு எத்தனை சென்ரிமீற்றர் பனி என்று சொன்னதும் அதுதான். இந்தச் சம்பந்தம் போதாதா?

1954 ஜூன் 7இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நிலையம் அது. நிறுவியவர் கென் சோபிள். முதலில் கனடாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் நிகழ்ச்சிகளை எடுத்துப் போட்டார்கள். பக்கத்து ரொறன்ரோவிலேயே சிபிசிக்குச் சொந்த நிலையம் இருக்க, அதையே இங்கேயும் காட்டி என்ன பயன்? 1961இல் விலகித் தனியாக நின்றது. 1966இல் சோபிள் காலமானார். பிறகு நம் ஊர்க் காணி உறுதி மாதிரிக் கைமாறிக்கொண்டே போனது: செல்கேர்க், மக்ளீன் ஹன்டர், வெஸ்டர்ன் இன்டர்நஷனல், 2000இல் கான்வெஸ்ட். கான்வெஸ்ட் கடனில் மூழ்க, 2009இல் சனல் ஸீரோ என்ற ரொறன்ரோ நிறுவனம் இதையும் மொன்றியலில் இருந்த ஒரு பல்லின நிலையத்தையும் சேர்த்து வாங்கியது. இரண்டுக்கும் விலை 12 டொலர். தட்டச்சுப் பிழை இல்லை.

அதே நாட்களில் கான்வெஸ்டின் கையிலிருந்த, விக்ரோறியா நகரத்துச் செக் (CHEK) நிலையம் 2 டொலருக்குப் போனது. அதை வாங்கியவர்கள் அங்கே வேலை செய்தவர்களும் உள்ளூர் முதலீட்டாளர்களும். அவர்களின் ரெட் டியர் நகர நிலையத்தைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஆகஸ்ட் 31உடன் மூடிவிட்டார்கள்.

மலிவு என்று நினைக்க வேண்டாம். சம்பளமும் நட்டமும் வாங்கியவர் தலையில். 2015 டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, சி.எச்.சி.எச்சின் செய்திப் பிரிவை நடத்திய கம்பனி திவாலாகி 167 பேர் வேலையிழந்தார்கள். அன்று மாலை ஆறு மணிச் செய்தி இல்லை. அடுத்த கிழமை பாதிப்பேரளவில் திரும்ப எடுத்தார்கள். கிழமைக்கு 80 மணிநேரச் செய்தி பதினேழரை மணிநேரமாகச் சுருங்கியது.

இதையெல்லாம் சொல்ல 60 கதிரை போட்டு, 100 உழுந்து வடைக்கும் சொல்லிவைத்தோம். வந்தவர்கள் 11 பேர். சனல் 11க்குச் சரியான பொருத்தம் என்று பொருளாளர் பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. மிஞ்சிய வடை இரண்டு கிழமை என் வீட்டுப் பிறீசரில் இருந்தது. அன்று 'கட்டாயம் வருவேன்' என்றவர்களின் பெயர்களைச் சபை நாகரிகம் கருதி வாசிக்கவில்லை.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமன். மண்டப வாடகையில் குறைந்ததைத் தலைவர் இப்போதைக்குப் பார்த்துக்கொண்டார். ஆண்டுச் சந்தா 20 டொலர். 64 குடும்பங்களில் கட்டியவை 23. மிச்சம் 820 டொலர் வர வேண்டும். அந்தக் காசுக்கு 2009 விலையில் எத்தனை நிலையம் வாங்கலாம் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடையைச் சொன்னால் சண்டை வரும்.

தலைவர், பொருளாளர், ஒலிபெருக்கி தந்த தம்பி, சமையலில் நின்ற அக்காமார் எல்லோருக்கும் நன்றி.

ஐந்து வருடமாக நானே செயலாளர். வேறு யாரும் பொறுப்பெடுத்தால் சந்தோசம். இதற்கு 12 டொலரும் தர வேண்டாம். ஆவணப் பெட்டி இரண்டும் மண்டபத் திறப்பும் என் காரில் இருக்கின்றன, இன்றைக்கே கொண்டுபோகலாம். ஒருவரும் கேட்காவிட்டால் அடுத்த கூட்டம் வழமைபோல முதல் ஞாயிறு, பின்னேரம் 4 மணி. சந்தாவை அன்றும் கட்டலாம்.