பர்ரோஸ் போனதுக்கு இவ்ளோ கோவம் வேணாம் அம்மு

2026 ஜனவரி

அன்பு அம்முவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். ஜனவரி குளிர் கொன்னு எடுக்குது, ராத்திரி கொட்டின பனிய அப்பா இன்னும் தள்ளிட்டே இருக்காரு, ஆள் வெச்சுக்கலாம்னா கேக்கறதில்ல. அதை விடு. நம்ம பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் டீம், பிட்சர் (பந்து போடறவன்) பர்ரோஸை உங்க ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீமுக்கு மாத்தி குடுத்த டிரேடு பத்தி நீ பொரிஞ்சு தள்ளி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன். போன்ல பேசினா நீ என்னை முடிக்க விட மாட்ட, நடுவுல மாப்பிள்ளை வேற "என்ன அத்தை, இன்னுமா பைரேட்ஸ்?"னு சிரிப்பாரு, அதான் உக்காந்து எழுதறேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் சண்டைக்கு வா. அவருக்கும் படிச்சு காட்டு, கிரிக்கெட்டே பாத்து வளந்த மனுஷனுக்கும் புரியற மாதிரிதான் எழுதிருக்கேன்.

நீ சொன்னது என்ன, "மறுபடியும் வித்துட்டாங்கம்மா, இவங்க திருந்தவே மாட்டாங்க". அந்த வலி எனக்கு மட்டும் இல்லையா? பிட்சர் கெரிட் கோல்-ஐ 2011ல டிராஃப்ட்ல (டீமுங்க முறை வெச்சு புது பசங்களை எடுக்கறது) மொத ஆளா எடுத்தோம், 2015ல 19 மேட்ச் ஜெயிச்சு குடுத்தான், 2018 ஜனவரில உங்க ஹூஸ்டனுக்கு தூக்கி குடுத்தாச்சு. அங்க போய் 2019ல ஒரே சீசன்ல 326 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் போட்டு அடிக்கறவனை அவுட் பண்றது), அப்புறம் நியூயார்க் யாங்கீஸ் 9 வருஷத்துக்கு 324 மில்லியன் டாலர் குடுத்து கூட்டிட்டு போனாங்க. அதே 2018 ஜூலை கடைசி நாள் கிளாஸ்னோ, மெடோஸ், கூடவே சின்னப் பையன் ஷேன் பாஸ், மூணு பேரையும் டாம்பா பே டீமுக்கு குடுத்துட்டு கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினாங்க. அன்னைக்கு நீ சாப்பிடாம ரூம்ல போய் கதவை சாத்திக்கிட்ட, நான் கெஞ்சிட்டு நின்னேன்.

ஆனா அன்னைக்கு நடந்த தப்பு பிட்சரை வித்தது இல்ல அம்மு. கையில என்ன இருக்குன்னே தெரியாம வித்தாங்க. கோல்-ஐ கீழயே போடு, சிங்கர் (கீழ இறங்கற பந்து) போடுன்னு இங்க கட்டி வெச்சிருந்தாங்க, ஹூஸ்டன்ல போன உடனே மேல வேகமா போடுடான்னு விட்டுட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். ரெண்டாவது இன்னும் கொடுமை, ரெண்டு பிட்சரையும் நல்ல ஹிட்டரையும் குடுத்துட்டு வாங்கினது யாரை, இன்னொரு பிட்சரை! இந்த தடவை அப்படியா? மைக் பர்ரோஸை உங்க ஊருக்கு அனுப்பிட்டு, மூணு டீம் சேர்ந்த டிரேடுல டாம்பாலேர்ந்து பிராண்டன் லோ வந்திருக்கான், போன வருஷம் 31 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சவன். இன்னொரு பிட்சர் ஓவியேடோவை பாஸ்டனுக்கு குடுத்து ஜாஸ்டின்சன் கார்சியாவை வாங்கியிருக்காங்க, அவனும் அடிக்கறவன்தான் (அவன் பேரோட ஸ்பெல்லிங்கை பாத்துட்டு "பாஸ்வேர்டு"ன்னு பட்டப்பேர் வெச்சிருக்காங்க, அப்பாவுக்கு இதுல ஒரே சிரிப்பு). பந்து போடற கைய குடுத்து அடிக்கற மட்டைய வாங்கறாங்க. பாட்டிங் இல்லாம செத்துட்டு இருந்த டீமுக்கு வேற என்ன வழி சொல்லு?

மாப்பிள்ளைக்கு இதை மட்டும் நிதானமா சொல்லு. இ.ஆர்.ஏ.ன்னா ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தனை ரன் விடறான்ங்கற கணக்கு, ஃபீல்டிங் தப்பால வந்த ரன் அதுல சேராது. நாலுன்னா பரவாயில்ல ரகம், மூணுக்கு கீழ போனா ஸ்டார், ரெண்டுக்கு கீழன்னா அபூர்வம். நம்ம ஸ்டார் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் போன வருஷம் 1.97. எல்லா ஓட்டும் அவனுக்கே விழுந்து சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு வாங்கினான், பைரேட்ஸ்ல ஒருத்தனுக்கு அது வந்து 1990ல டிரேபெக் வாங்கினதுக்கு அப்புறம் இதுதான். இப்படிப்பட்டவனோட வெற்றி தோல்வி கணக்கு என்ன தெரியுமா, 10 ஜெயிச்சு 10 தோத்திருக்கான். மே மாசம் பிலடெல்பியால எட்டு இன்னிங்ஸும் அவனே போட்டு ஒரே ஒரு ரன் விட்டான், 1-0ன்னு தோத்துட்டு வந்தான். எனக்கு அன்னைக்கு டிவிய தூக்கி போட்டு உடைக்கணும் போல இருந்துச்சு.

இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. ஜூன் கடைசில ஆரம்பிச்ச செயின்ட் லூயிஸ் சீரிஸ்ல மூணு மேட்ச்லயும் அவங்களுக்கு ஒரு ரன் கூட விடாம ஜெயிச்சோம், அடடா நம்ம பசங்களான்னு நான் பூரிச்சு போய் இருக்கேன், நேரா சியாட்டில் போய் அடுத்த மூணு மேட்ச்லயும் நாம ஒரு ரன் கூட எடுக்காம தோத்தோம், அதுல ரெண்டு 1-0. சீசன் முழுக்க 583 ரன், 117 ஹோம் ரன், ரெண்டுலயும் மொத்த மேஜர் லீக்லயே கடைசி இடம். இதை வெச்சுக்கிட்டு பிட்சரை சேத்து சேத்து வெச்சா யாருக்கு லாபம்?

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இளம் பிட்சருங்கறது பேங்க்ல போட்ட பணம் இல்ல. நம்ம பசங்க முழங்கைய மட்டும் பாரு. பர்ரோஸ், 2023ல டாமி ஜான் ஆபரேஷன் (முழங்கை தசைநாரை மாத்தி கட்டறது). ஓவியேடோ, அதே ஆபரேஷன், 2024 முழுக்க வீட்ல. பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட், 2021ல. ஹன்டர் பார்கோ, காலேஜ்லயே பண்ணிட்டுதான் நம்மகிட்ட வந்தான். ஜாரெட் ஜோன்ஸ், போன மே மாசம் கத்தி வெச்சாச்சு, 2025ல ஒரு மேட்ச் கூட ஆடல. 2024ல மயாமில அவன் மொத மேட்ச்ல பத்து பேரை ஸ்ட்ரைக்அவுட் பண்ணினப்ப நீ போன்ல கத்தின கத்துல எனக்கு காது போச்சு, அவன்தான் இவன். மேஜர் லீக்கே 2024 டிசம்பர்ல ஒரு பெரிய ரிப்போர்ட் போட்டாங்க, எல்லாரும் அதிக வேகம், அதிக ஸ்பின், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடன்னு போறதாலதான் கை போகுதுன்னு. ஆனா வேகம் இல்லன்னா எவனும் டிராஃப்ட்ல சீண்ட மாட்டான், ஸ்கூல் பசங்க என்னதான் பண்ணுவாங்க, பாவம். மாப்பிள்ளை கேப்பாரு, ஃபாஸ்ட் பௌலருக்கும்தானே காயம் வருதுன்னு. வருது, அவங்களுக்கு பெரும்பாலும் முதுகு, இங்க முழங்கைய மடக்கி சாட்டை மாதிரி சுண்டறதால உள்ள இருக்கற தசைநார் கிழியும், வேற இடத்துலேர்ந்து நார் எடுத்து கட்டணும், ஒரு வருஷத்துக்கு மேல ஓடிடும்.

நம்ம பழைய பிட்சர் ஜேம்சன் டையோன் ஞாபகம் இருக்கா உனக்கு? 2010ல ரெண்டாவது ஆளா எடுத்த பையன், டாமி ஜான் ஆச்சு, ஹெர்னியா ஆச்சு, 2016லதான் மேஜர் லீக்குக்கு வந்தான், அடுத்த வருஷம் கேன்சர் ஆபரேஷன், அதுலேர்ந்து எழுந்து கொஞ்ச வாரத்துலயே வந்து பிட்ச் பண்ணினான், எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. 2019ல மறுபடி முழங்கை. தங்கமான பையன். அவனை நம்பி அஞ்சு வருஷ திட்டம் போட்டா என்ன ஆகும்னு நாமதான் பாத்தோமே.

அதனால நிறைய இருக்கும்போதே ரெண்ட குடுத்து அடிக்கறவனை வாங்கறது புத்திசாலித்தனம். யாரை குடுக்கறோம்ங்கறதுதான் கேள்வி, இதுல எனக்கு கறாரான அபிப்பிராயம் உண்டு. பர்ரோஸ் நல்லவன்தான், போன வருஷம் இ.ஆர்.ஏ. நாலுக்குள்ள, நாலாவது அஞ்சாவது ஸ்டார்ட்டரா (மேட்சை ஆரம்பிச்சு போடற பிட்சர்) பல வருஷம் ஓட்டுவான். ஆனா நம்ம இளம் பிட்சர் பப்பா சேண்ட்லரை குடுத்திருந்தா நானே ஸ்டேடியம் வாசல்ல போய் போர்டு புடிச்சிருப்பேன். நம்ம மைனர் லீக் டீம் ஆடற ஆல்டூனால, அந்த ரோலர்கோஸ்டர் பக்கத்துல இருக்கற மைதானத்துல அவனை நானும் அப்பாவும் போய் பாத்தோம், நூறு மைலை தொடற பந்து, அதைவிட அந்த உடம்பு எப்படி வளையுது பாரு, கிளெம்சன் யூனிவர்சிட்டில ஃபுட்பால் குவாட்டர்பேக்கா போக வேண்டியவன், ஸ்கூல்லேர்ந்தே நம்ம ஆளுங்க பணம் குடுத்து இழுத்துட்டு வந்தாங்க. ஆகஸ்ட் 22 கொலராடோகிட்ட மொத தடவை வந்து நாலு இன்னிங்ஸ் ஒரு ரன் விடல. மில்வாக்கி ஒரு நாள் புரட்டி எடுத்தாங்க, நல்லது, சீக்கிரமே அடி வாங்கிக்கட்டும். கன்ட்ரோல் மட்டும் வரணும், இன்னிங்ஸ் ஆரம்பத்துல வாக் (அடிக்காமலே மொத பேஸுக்கு போக விடறது) குடுத்து தானே தலைவலிய வரவழைச்சுக்கறான்.

ஆஷ்கிராஃப்டை எல்லாரும் சின்ன ஆளா பேசறாங்க, எனக்கு அவன்மேல நம்பிக்கை ஜாஸ்தி, போன வருஷம் இ.ஆர்.ஏ. மூணுக்கும் கீழ. பார்கோ இடது கை, கொஞ்சம் பொறுத்து பாப்போம். போன வருஷம் டிராஃப்ட்ல ஆறாவதா எடுத்த பிட்சர் சேத் ஹெர்னாண்டஸ் கலிஃபோர்னியாலேர்ந்து ஸ்கூல் முடிச்சு வந்தவன், அவனை பத்தி இப்பவே கனவு காணாதே, அவன் நம்ம பி.என்.சி பார்க் ஸ்டேடியத்துல வந்து நிக்கறதுக்குள்ள உனக்கு ஒண்ணு ரெண்டு குழந்தை ஆகிடும் (இது சும்மா சொன்னது, மாப்பிள்ளைகிட்ட இதை படிக்காதே).

மாப்பிள்ளை நம்ம டீமை ரொம்ப கிண்டல் பண்ணினா ஒண்ணு சொல்லு, இந்தியாலேர்ந்து வந்த ரெண்டு பசங்களை மொத மொதல்ல சைன் பண்ணின மேஜர் லீக் டீம் எது? பைரேட்ஸ்தான், 2008ல, ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிஞ்சுட்டு இருந்த பசங்க, டிவி போட்டில ஜெயிச்சு வந்தாங்க. ரிங்கு கொஞ்சம் மேல வந்தான், கடைசில அவனும் முழங்கை பிரச்சினைல மாட்டி, அப்புறம் டபிள்யூ.டபிள்யூ.ஈ.ல மல்யுத்தத்துக்கு போயிட்டான்.

சரி, இந்த வருஷம் என்ன ஆகும்? போன வருஷம் 71 ஜெயிச்சு 91 தோத்தோம், கேக்கவே கேவலம். ஆனா மே மாசம் மேனேஜர் ஷெல்டனை அனுப்பிட்டு நம்ம ஊர் மவுண்ட் லெபனான் பையன் டான் கெல்லி வந்தப்புறம் 59 ஜெயிச்சு 65 தோத்தோம். அதே வேகத்துல ஒரு முழு சீசன் ஆடினா 77 வருது. சின்சினாட்டி போன வருஷம் வெறும் 83 ஜெயிச்சு பிளேஆஃப் உள்ள போயிட்டாங்க. அப்ப நமக்கு தேவை ஆறு மேட்ச். லோ வந்திருக்கான், இன்னொரு ஹிட்டர் ரயன் ஓ'ஹெர்னுக்கு ரெண்டு வருஷத்துக்கு 29 மில்லியன் குடுத்திருக்காங்க, நம்ம ஓனர் நட்டிங் பாக்கெட்லேர்ந்து 29 மில்லியன், நம்ப முடியுதா! பெரிய ஹிட்டர் ஷ்வார்பருக்கே பெரிய ஆஃபர் போச்சுன்னு நியூஸ் வந்துச்சு, அவன் வரல, அது வேற விஷயம், கேக்கவாவது செஞ்சாங்களே. இதோட கானர் கிரிஃபின், போன வருஷம் மைனர் லீக்ல பாட்டிங் சராசரி .333, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (ஓடி அடுத்த பேஸை திருடறது), வயசு 19. அவனை மட்டும் எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது.

என் கணக்கு 83லேர்ந்து 85. ஜோன்ஸ் கை சரியாகி வரணும், நம்ம ஹிட்டர் ஓனீல் குரூஸ் இடது கை பிட்சரை பாத்தா திணறறதை நிறுத்தணும், இது ரெண்டும் நடக்கலன்னா 78. போன வருஷம் மில்வாக்கி 97, சிகாகோ கப்ஸ் 92 ஜெயிச்ச டிவிஷன்டி, சும்மா விட மாட்டாங்க. இதுல அவசரம் என்னன்னா ஸ்கீன்ஸ் 2029 வரைக்கும்தான் நம்ம கையில, அதுக்கப்புறம் கோல் கதைதான், அவனுக்கு குடுக்கற பணம் இந்த ஓனர்கிட்ட வராது, நான் எதிர்பாக்கவும் இல்ல. அந்த நாலு சீசனுக்குள்ள ஜெயிக்க பாக்கணும், பிட்சரை பொத்தி பொத்தி வெச்சு 2031ல என்ன பண்ண போறோம்? 2018க்கு அப்புறம் பாதிக்கு மேல ஜெயிச்ச சீசனே ஒண்ணு கிடையாது.

பர்ரோஸ் உங்க ஊர்ல பிட்ச் பண்ணும்போது ஒரு தடவை போய் பாத்துட்டு எப்படி இருக்கான்னு சொல்லு, அவனோட சேஞ்சப்பை மாப்பிள்ளைக்கு காட்டு, ஸ்லோயர் பால்னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாரு. அவர்கிட்ட பந்தயமும் கட்டிட்டேன்னு சொல்லு, 83க்கு ஒண்ணு குறைஞ்சாலும் அவர் அடுத்த தடவை வரும்போது அந்த ஆஸ்ட்ரோஸ் தொப்பிய போட்டுக்கிட்டு கோயில் பார்க்கிங் லாட் வரைக்கும் நடக்கறேன், வந்துட்டா அவர் நம்ம மஞ்சள் கருப்பு ஜெர்சிய போட்டுக்கிட்டு ஆபீஸ் போகணும்.

ஜூன்ல வர்றதா சொன்ன, ஆனா ஸ்கீன்ஸ் அஞ்சாறு நாளைக்கு ஒருக்காதான் போடுவான், மழை வந்தா அதுவும் தள்ளி போகும், அதனால ரெண்டு நாள் வந்துட்டு ஓடற மாதிரி ஃப்ளைட் போடாதே, ஒரு வாரமாவது லீவு எடு. அப்பா டிக்கெட்டுக்கு மூணாவது பேஸ் பக்கம்தான் வேணும்னு அடம் பிடிக்கறாரு. தேதிய சீக்கிரம் சொல்லு.

அன்புடன்,
அம்மா