சீட்டைப் புரட்டிப் பாருங்கள்: பழைய கார் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு, கோயம்புத்தூர் பக்கங்களில் பழைய கார் கண்காட்சி நடத்தும் அன்பர்களுக்கும், மதிப்பெண் போடும் நடுவர்களுக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் குஷன் கடை வைத்திருக்கிறேன். ஒரு கண்காட்சியில், கம்பெனியில் போட்ட அசல் சீட்டோடு வந்த கார்க்காரர் ஒருவர், ரெக்சினில் வெடிப்பு இருக்கிறதென்று மதிப்பெண் குறைந்ததும் நேரே என்னிடம் வந்தார். "பூராவும் பிரிச்சுப் புதுசா போட்டுக் கொடுங்க" என்றார். எனக்கு வருமானம்தான். ஆனால் அதைப் பிரித்துப் போட்டால் திரும்பக் கிடைக்காது. அசலைக் கிழிக்க நீங்களே காரணமாகிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் அசலும் நகலும் ஒன்றாகத்தான் தெரியும். சீட்டைக் கழற்றிப் புரட்ட வேண்டும். அந்தக் கால மரச்சட்டங்களில் சிறு ஆணி அடித்துத்தான் உறையை இழுத்துக் கட்டினார்கள். காற்றுத் துப்பாக்கியில் அடித்த ஸ்டேப்பிள் பின் கண்ணில் பட்டால், பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய ஆணி ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓட்டை இருந்தாலும் அப்படியே.

பிறகு ரெக்சினின் பின்பக்கம். பழையது, நெய்த பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் என்ற அந்தக் காலத்துப் பூச்சுப் பூசியது. இழுத்தால் அவ்வளவாக நீளாது. இன்று கடையில் வாங்குவதில் பெரும்பாலும் பனியன் துணிமேல் பிவிசி பூசியிருக்கும், நன்றாக இழுபடும். 1960-களின் பல கார்களில் வினைல் (பிவிசி) சீட்டின் கோடுகள் தையலே அல்ல, சூட்டில் அழுத்தி ஒட்டியவை. அந்த மாடலில் கோட்டுக்குக் கோடு நூல் ஓடினால் உரிமையாளரிடம் விசாரியுங்கள்.

நம் ஊர் வெயிலும் சாட்சி. முதுகுச் சீட்டும் அடிச் சீட்டும் சேரும் இடுக்கில் பழைய நிறம் அடர்த்தியாக நிற்கும், மேல்பக்கம் வெளுத்திருக்கும். இடுக்கும் மேலும் ஒரே சீராக வெளுத்திருந்தால், வேண்டுமென்றே பழசாக்கியதோ என்று சந்தேகப்படலாம்.

உள்ளே இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குதிரைமுடி, ரப்பர் பால் பூசிய தேங்காய் நார், லேடெக்ஸ் ஸ்பாஞ்ச் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆனால் லேடெக்ஸ் வயதானால் இறுகிப் பொடியாக உதிரும். அசல் உறையைக் காப்பாற்றவே நாங்கள் உள்ளே புது ஃபோம் வைப்பதுண்டு. அது குற்றமல்ல, நல்ல வேலை.

2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்கின்றன. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. சீட்டைப் பற்றிப் பேச்சில்லை. ஆகவே அதைக் கவனிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உலகப் பழைய வாகன அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் கண்ணை உறுத்தாத நிரந்தர அடையாளம் இடச் சொல்கிறது. நம் ஊரிலும் அதைச் செய்யலாம்.

பதிவுப் படிவத்தில் சீட் அசலா, பழைய மாற்றா, புது நகலா என்று ஒரு கட்டம் சேருங்கள். நகல் என்று உண்மையைச் சொன்னவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், மறைத்தவருக்குக் குறையுங்கள். அசல் சீட்டின் வெடிப்புக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க வேண்டாம். நான் தைக்கும் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் இனி ஆண்டை எழுதிக் கொடுக்கிறேன். பிரித்த பழைய உறையில் ஒரு துண்டையாவது வண்டியோடு கொண்டுவரச் சொல்லி அறிவிப்பிலேயே போடுங்கள். கண்காட்சி நாளில் சீட்டைக் கழற்றி மாட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை குஷன் கடைக்காரன்