ஸ்டாண்டு, ஸ்டாண்டு!

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து கோயில் வரைக்கும் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கேயும் எல்லாரும் சௌக்கியம். மழை இன்னும் பிடிக்கவில்லை. கடல் காற்றில் உப்பு மட்டும் வஞ்சனையில்லாமல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி இந்தப் பக்கம் வரும் உங்கள் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது என்றாயே. வழியில் தாறுமாறாக ஓட்டுகிற சைக்கிள்காரர்களை நிறுத்திக் கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி, ஊர் வம்பு நமக்கெதுக்கு என்று இன்னொரு கட்சி. போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், நம்பர் பிளேட், ஹெல்மெட் எதுவும் அதற்குக் கிடையாது. ஆகவே சொல்வதென்றால் நம்மைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்குக் கருத்து இருக்கிறது.

நம் ஊர் ரோட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் உண்டு. சைடு ஸ்டாண்டை மடக்காமல் பைக்கில் போகிறவரைப் பார்த்து, முன்பின் தெரியாத நாலு பேர் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்காக யாரும் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. "உன் வேலையைப் பாருடா" என்று யாரும் சொல்வதில்லை. காலால் ஒரு தட்டு, தலையை ஒரு ஆட்டு, முடிந்தது. ஏன் கோபம் வருவதில்லை? சொல்வது பொருளைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல. ஒரே வார்த்தை. கேட்டவர் அந்த நொடியிலேயே சரிசெய்துவிடலாம். சொன்னவர் பதிலுக்கு நிற்பதும் இல்லை. இந்தக் கணக்குக்குள் அடங்குவதை யாரிடமும் தாராளமாகச் சொல்லலாம். அடங்காததை ஓடுகிற வண்டியில் சொல்லவே கூடாது. என் கட்சி இதுதான்.

அடங்குபவை சைக்கிளிலும் நிறைய இருக்கின்றன. மடக்காத ஸ்டாண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் பறக்கும் துப்பட்டா, கேரியரில் கட்டிய கயிறு அவிழ்ந்து செயின் பக்கம் தொங்குவது, முன்சக்கரத்தைப் பூட்டிப் பிடிக்கும் குயிக் ரிலீஸ் நெம்புகோல் திறந்து கிடப்பது, பின்விளக்கின் மேல் ரெயின்கோட் இறங்கி மூடியிருப்பது. இதில் துப்பட்டாவுக்கும் குயிக் ரிலீஸுக்கும் மட்டும் "நிறுத்துங்க" என்பதை முதலில் சொல்லு, காரணத்தை அப்புறம் சொல்லு. காரணத்தை முதலில் சொன்னால் ஓட்டிக்கொண்டே குனிந்து பார்ப்பார்கள்.

சொல்கிற இடமும் முக்கியம். பின்னாலிருந்து "அண்ணே!" என்று கத்தக்கூடாது. ஓட்டுகிறவர் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். தலையும் தோளும் திரும்பினால் ஹேண்டில்பாரும் கூடவே கொஞ்சம் இழுபடும். சைக்கிள் வலது பக்கம், அதாவது பஸ் வருகிற பக்கம், ஒதுங்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். அவர் திரும்பி உன்னைப் பார்த்து முடிப்பதற்குள் அவ்வளவு தூரம் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போய்விடுவார். நல்லது செய்யப் போய் நீயே தள்ளிவிட்ட மாதிரி ஆகும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு முன்பே பெல்லை இரண்டு தடவை அடி, குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விட்டு அவர் பக்கத்துக்கு வா, அவர் பார்வை ரோட்டிலேயே இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

பெல் என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் கூட்டத்தில் எத்தனை சைக்கிளில் பெல் இருக்கிறது? சைக்கிள் விலை ஏறினால் பெல் இறங்கிவிடுகிறது. பெல் இருந்தாலும் கடலோரத்தில் அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்து ஊமையாகிவிடும். மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். பெல் அடிக்காத கூட்டம்தான் வாயால் கத்துகிறது, அதுவே பாதி தகராறுக்குக் காரணம்.

ராங் சைடில் எதிரே வருகிறவர்தான் நீ எழுதியதிலேயே பெரிய தலைவலி. ஆபத்து உண்மை. இடது பக்கச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடது திரும்புகிற கார்க்காரர் வலது பக்கம் மட்டுமே பார்ப்பார், வண்டி வரும் திசை அதுதானே. ராங் சைடு சைக்கிள் அவருடைய இடது கை பக்கமிருந்து வருகிறது, கண்ணிலேயே படாது. ஆனாலும் அவரை நிறுத்தி வகுப்பெடுக்காதே. பெரும்பாலும் மீடியன் இடைவெளி ரொம்ப தூரத்தில் இருப்பதால் நூறு அடி குறுக்கே வருகிறவராக இருப்பார். உன் உபதேசம் மீடியனைத் திறந்துவிடாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, நீ இடது ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் வேகத்தைக் குறைத்துக் காலை ஊன்றி நின்றுவிடுவது. உன்னைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக அவர் போகட்டும். இது வீம்பில்லை. எதிரே வரும் லாரி அவருக்குத் தெரியும். உன் முதுகுக்குப் பின்னால் வருவது உனக்குத் தெரியாது. தெரிகிறவர்தான் வெளியே போக வேண்டும். இரண்டு பேரும் மரியாதைக்காக மாறி மாறி ஒதுங்கினால்தான் மோதல். தினமும் அதே இடத்தில் வருகிற ஆளாக இருந்தால், என்றைக்காவது டீக்கடையில் பார்க்கும்போது, "அந்தத் துண்டு தூரம் மட்டும் இறங்கி உருட்டிக்கிட்டுப் போயிடுங்கண்ணே" என்று சொல்லிப் பார்.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று. சிப்காட் ஷிப்டு முடிந்து இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவரை உங்கள் ஆட்கள் மறித்துத் திட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். ஜெர்சி போட்டுக்கொண்டு, அவருடைய இரண்டு மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்து, "லைட் போட மாட்டியா?" என்றால் அது அறிவுரையாகக் கேட்காது. அவர் சைக்கிளில் டைனமோ இருந்திருக்கும், தேய்ந்துபோய்க் கழற்றியிருப்பார். அவருக்குப் பேச்சை விட டேப் உதவும். ஒளி பிரதிபலிக்கும் ஒட்டு டேப், லாரிகளின் பின்னால் ஒட்டுவார்களே அதுதான், 5 செ.மீ. அகலம். பின் மட்கார்டில் சிவப்பு ஒரு துண்டு, முன் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் வெள்ளை, பெடல் கட்டையின் முன்ஓரத்திலும் பின்ஓரத்திலும் மஞ்சள் சின்னத் துண்டு. பெடலை மறந்துவிடாதே. அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்த உடனே முன்னால் போவது சைக்கிள் என்று டிரைவருக்குப் பிடிபடும். அசையாத சிவப்புப் புள்ளி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒட்டுவதற்கு முன் சானிடைசர் போட்டுத் துடைத்துக் காயவிடு. மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை நின்று டேப் உரிந்து வந்துவிடும். மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டினால் தூக்கிக்கொள்ளாது. டீக்கடையில் "ஒட்டித் தரட்டுமாண்ணே?" என்று கேட்டால் வேண்டாம் என்பவர் அபூர்வம்.

வெளிச்சம் இல்லாதவரைப் பற்றிப் பேசுகிற உங்கள் கூட்டம் வெளிச்சம் அதிகமானதைப் பற்றிப் பேசுகிறதா? விடியற்காலையில் ஆளுக்கொரு ஆயிரம் லூமன் விளக்கை எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராக, அதுவும் சிமிட்டும்படி வைத்துக்கொண்டு வருகிறார்கள். கண் கூசிய பால்காரருக்குக் குழி தெரியாது. சரிபார்ப்பது சுலபம். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்து. சுவரில் விழும் ஒளியின் நடுப்புள்ளி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதிக்கு வர வேண்டும். அப்போது வெளிச்சம் சரியாக 10 மீட்டர் முன்னால் தரையில் விழும். சிமிட்டுவதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளபடியே கறாராகச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் குழுதான். அங்கே உரிமை இருக்கிறது, மறுபடி பார்ப்போம் என்ற உறுதியும் இருக்கிறது. நீங்கள் போகும் விதத்தில் முதலில் நிறுத்த வேண்டியது சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் பின்னவரின் முன்சக்கரம் நுழைந்துவிடுகிறது. முன்னவர் ஒரு குழிக்கு ஒதுங்கினால் இரண்டும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் வந்தவர் விழுவார். காரணம், சாய்கிற பக்கமாக முன்சக்கரத்தைத் திருப்பித்தான் சைக்கிளில் நாம் நிமிர்கிறோம். அந்தச் சக்கரம் பக்கவாட்டில் முட்டிக்கொண்டால் திருப்ப வழியில்லை, சாய்ந்த பக்கமே சாய வேண்டியதுதான். இன்னொன்று, பாலம் ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து மிதிப்பது. எழுகிற நொடியில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கும். ஒட்டி வருகிறவருக்கு அந்த ஒரு சாண் போதும். எழுவதற்கு முன் ஒரு பெரிய கியர் மாற்றி, பெடலில் அழுத்தம் விடாமல் எழுந்தால் பின்வாங்காது. புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளம் விட்டு வரட்டும்.

இதையெல்லாம் ஓடும்போது திருத்தாதே. ஓடும்போது "குழி", "மணல்", "நிக்குறோம்" இந்த மூன்று சொல் போதும். மற்றதை நிற்கும் இடத்தில், தவளக்குப்பத்திலோ அரியாங்குப்பத்திலோ டீ குடிக்கும்போது, அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல். ஒரு தடவைக்கு ஒரு குறைதான். பார்த்ததை அப்படியே சொல்: "உன் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தைத் தாண்டி உள்ள போச்சு, பாலத்துல ரெண்டு தடவை. கொஞ்சம் விட்டு வா." எப்பவும், எப்பப் பார்த்தாலும் என்று ஆரம்பித்தால் பேச்சு அவர் குணத்துக்குப் போய்விடும். கேட்டவர் அங்கேயே மறுத்துப் பேசக்கூடாது என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். "சரி" என்று சொல்லட்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டுக்குப் போய் போன் பண்ணட்டும். மூன்று வாரம் சொல்லியும் கேட்காதவரை முன்வரிசையில் விடாதே. அதற்கு மேல் ஊதுகிற சங்கை ஊதியாகிவிட்டது.

அரசு கொடுத்த சைக்கிளில் மூன்று பேராக வரிசை கட்டிப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். பையன்களிடம் "ரெண்டு பேரா போங்கடா, பஸ் வருது" என்பதோடு நிறுத்து. பெண் பிள்ளைகளை ரோட்டில் நிறுத்திப் பேச வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரிடம் சொன்னால் பிரேயரில் ஒரே நாளில் எல்லாருக்கும் போய்ச் சேரும். பிரேக் கட்டை தேய்ந்திருப்பதையும் அப்படியே சொல்லிவிடு. அந்த இரும்பு ரிம்மில் மழை நாளில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ஐப்பசிக்கு முன் மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு மாதிரி. டூமாஸ் வீதியில் மஞ்சள் சுவரைப் பார்த்ததும் வாடகை சைக்கிள்காரர்கள் நடுரோட்டில் நின்று படம் எடுப்பார்கள். நிற்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, ஊரே அதற்குத்தான் வருகிறது. ஆனால் பிரான்சிலிருந்து வருகிறவர்களிடம், லீவுக்கு வரும் நம்ம சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுப் பேரப்பிள்ளைகளிடமும், ஒன்றை நிச்சயம் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலும் முன் பிரேக் இடது கையில், இங்கே வலது கையில். பின் பிரேக் என்று நினைத்துப் பதறி வலதை இறுக்கினால் முன்சக்கரம் நின்று ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவார். ரோட்டிலும் அவர்களுக்கு வலது பக்கம் பழக்கம். தெரு கடக்கும்போது முதலில் தப்பான பக்கம்தான் பார்ப்பார்கள். இதை வாடகைக் கடையிலேயே, சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் வேலை சுலபம். அடுத்த முறை பீச் ரோட்டுக்கு வரும்போது உங்கள் ஆட்களிடமும் ஒன்று சொல்லு. மாலை 6 மணிக்கு வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு ரோடு முழுக்க நடக்கிறவர்களும் குழந்தைகளும்தான். அதற்குள் வளைந்து வளைந்து ஓட்டுவது திறமை இல்லை. இறங்கி உருட்டுங்கள்.

வேண்டுமென்றே உன்னை உரசி வெட்டிக்கொண்டு போகிறவனை மட்டும் துரத்தாதே. அவன் வேகம் கூட்டுவான், நீயும் கூட்டுவாய், இரண்டு பேரும் பக்கம் பக்கமாகக் கத்திக்கொண்டு ஈ.சி.ஆரில் அரை ரோட்டை அடைப்பீர்கள். பின்னால் வரும் பஸ்காரருக்கு நியாயம் யார் பக்கம் என்று தெரியாது.

டேப் உங்கள் ஊரில் லாரி உதிரிபாகக் கடையில் கிடைக்கும், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மஞ்சள் இல்லையென்றால் எழுது, இங்கிருந்து வாங்கி வைக்கிறேன். ஒரு சைக்கிளுக்கு எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்கு மேல் ஆகாது. தங்கச்சி கல்யாணத் தேதி முடிவானதும் உடனே தெரியப்படுத்து.

அன்புடன்,
ரவி