இன்றைக்கு இவ்வளவு போதும்

அன்புள்ள மகளுக்கு,

கூட்டத்தின் முடிவில் உன் மேலாளர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்று சொன்னதைக் கேட்டு, பல மாதங்களாக நீ உழைத்துவரும் திட்டத்தையே அவர் கைவிட்டுவிட்டாரென எண்ணி இரவெல்லாம் உறங்காமல் இருந்ததாக எழுதியிருக்கிறாய். படித்ததும் மனம் பொறுக்கவில்லை. அவர் சொன்னது 'இன்றைக்கு இவ்வளவு போதும்' என்பதுதான், அம்மா.

இத்தொடரில் 'கால்' என்பது அழைப்பதன்று. ஒன்றை இன்னதென்று கணக்கில் கொள்வது. அதாவது, செய்து முடித்தவரையில் ஒரு நாள் வேலையாக வைத்துக்கொள்வோம் என்பது பொருள். இதற்கு முந்திய வடிவமான 'கால் இட் ஹாஃப் எ டே' 1838இலேயே அச்சில் காணப்படுகிறது. பொழுது முடியுமுன்பே கிளம்புகிறவர், செய்த வேலையை அரை நாளாக வைத்துக்கொள்வதாகச் சொல்லும் பேச்சு அது. நாள் கணக்கில் உழைத்துப் பழகியவர்களின் வாய்மொழி அதில் ஒலிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்குக் கடையைக் கட்டுவோம் என்று நாம் சொல்வதில்லையா, அதைப் போல. இரவில் விருந்தையோ பேச்சையோ முடித்துக்கொண்டு எழும்போது 'கால் இட் எ நைட்' என்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள். இருபது ஆண்டுகள் ஆடிய ஒரு விளையாட்டு வீரர் 'கால் இட் எ டே' என முடிவெடுத்தார் என்றால், அவர் அன்றைய ஆட்டத்தை அல்ல, ஆட்ட வாழ்வையே நிறைவுசெய்து ஓய்வு பெறுகிறார். எது முடிகிறது என்பதை இடம்தான் சொல்லும். எனினும் அங்கும் தோல்வியின் சாயல் இல்லை.

தோல்வியைச் சொல்வது 'த்ரோ இன் த டவல்'. குத்துச்சண்டையில், தம் வீரர் இனித் தாங்கமாட்டார் என்று கண்டதும் மூலையில் நிற்கும் துணைவர் மேடைக்குள் துண்டை எறிவதிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் துண்டுக்குப் பதில் முகம் துடைக்கும் பஞ்சை எறிந்தார்கள். நீ அஞ்சியதற்கு உரிய தொடரோ 'புல் த ப்ளக்'. பணமும் அதிகாரமும் உள்ளவர், நடந்துகொண்டிருக்கும் ஒன்றை இடையில் நிறுத்திவிடுவதை அது குறிக்கும். உன் மேலாளர் அதைச் சொல்லவில்லை.

பேச்சில் 'கால் இட் எ டே' என்ற தொடரை நீயும் தயங்காமல் பயன்படுத்து. பணி விலகல் கடிதம் போன்றவற்றில் மட்டும் வேண்டாம், அங்கே நேரான சொற்களே பொருந்தும். திட்டத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு அவருக்கு நீ எழுதி வைத்திருக்கும் மடலை அனுப்பாமல் அழித்துவிடு. நாளைக் காலை வழக்கம்போல், நேற்று விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கு.

அன்புடன்,
அப்பா